கொழுந்து லோரி ரோட்டில் ஒரு விமானம்

போன வருடம் தைப்பூசம் முடிந்த மறுவாரம், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே ஓர் அக்காவுக்குக் கோபம் வரும். அவருடைய கோபத்தை ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டதே எனக்குப் போதும்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்று கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப் போனவள். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் போன பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பெரிய விமானம் இல்லை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய இலகு ரக விளையாட்டு விமானம். என்னைப் போல் ஆசைக்காகப் பறக்கிறவர்களுக்கென்றே செய்யப்படுவது.

அதிலும் எனக்குப் பிடித்தது ஒரு தனி ரகம். பார்வைக்கு அந்தக் காலத்து விமானம் மாதிரியே இருக்கும். தலைக்கு மேலே இறக்கை. முன்னால் இரண்டு கொழுத்த சக்கரங்கள், வாலுக்கு அடியில் ஒரு குட்டிச் சக்கரம். நிற்கும்போது வால் தரையில் உட்கார்ந்துகொள்ளும், மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓடுதளம் என்று ஒன்று இல்லாத காலத்தில், புல்வெளியிலும் வயலிலும் இறங்குவதற்காகச் செய்த வடிவம் அது. ஆனால் தோற்றம்தான் பழசு. உடம்பு, இன்ஜின், ரேடியோ எல்லாம் இந்தக் காலத்துச் சரக்கு. எங்கள் விமானம் மஞ்சள் நிறம். வாங்கி வந்த அன்று என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "புதுசு வாங்கப் போய் பழசு வாங்கிட்டு வந்திருக்க" என்றார்.

இந்த வால் சக்கர விமானம் வானத்தில் பரம சாது. தரையில்தான் வம்பு பிடித்தது. ஓடும்போது கொஞ்சம் அசந்தால் வால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். போதாததற்கு மூக்கு தூக்கிக்கொண்டிருப்பதால் நேர் எதிரே ஒன்றுமே தெரியாது. வேகம் பிடித்து வால் மேலே எழும்பிய பிறகுதான் பாதை கண்ணில் படும். அதுவரைக்கும் பக்கத்து ஜன்னல் வழியாகத் தரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்பது பின்னால் புரியும்.

அன்று காலை வானம் கழுவி வைத்தது போல் இருந்தது. ஈப்போ பக்கத்திலிருந்து கிளம்பி, மலையைத் தாண்டி ஒரு சுற்று சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று தனியாகக் கிளம்பினேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. கோலா தெர்லா, திரிங்காப் என்ற மலை ஊர்களெல்லாம் கீழே தெரிந்தன. திரும்பலாம் என்று விமானத்தைத் திருப்பினால், நான் வந்த இடைவெளியைக் காணோம். மலைக்கும் மலைக்கும் நடுவில் மேகம் வந்து அடைத்துக்கொண்டது. வேறு பக்கம் பார்த்தேன், அங்கேயும் அடைத்துக்கொண்டு வந்தது. மேகத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே மலை இருக்கும்.

இறங்க இடம் தேடினேன். திரிங்காப் பக்கம் பார்த்தால் மலைச்சரிவு முழுக்கக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரை. ரோட்டிலோ லோரி மேல் லோரி. அப்போதுதான் அந்தத் தேயிலைத் தோட்டம் கண்ணில் பட்டது. பச்சைச் சரிவின் நடுவே தோட்டத்து ரோடு ஒன்று, மற்ற ரோடுகளைப் போல வளைந்து நெளியாமல், ஒரு நீட்டுக்கு நேராக மேலே ஏறியது. அதில் வண்டி ஒன்றும் இல்லை. மேட்டை நோக்கி இறங்கினால் சீக்கிரம் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். இறக்கை உயரத்தில் இருப்பதால் இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு மேலேயே போய்விடும். மனதுக்குள் எல்லாச் சாமியையும் ஒரே வரியில் கூப்பிட்டுவிட்டு இறக்கினேன். வால் தாழ்ந்தபோது இரண்டு பக்கமும் செடிகள் சரசரவென்று உரசுவது கேட்டது. நின்றுவிட்டது. உயிரோடு இருந்தேன்.

இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். முதலில் வந்து சேர்ந்தது கங்காணி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தலையில் துணி, அதன் மேல் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் பொறுப்பு அந்த அக்காவுடையது. என்னையும் விமானத்தையும் மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு ஒன்ன இங்க எறங்கச் சொன்னது? இது கொழுந்து லோரி வர்ற நேரம் லா. லோரி வந்திருந்தா என்னா ஆயிருக்கும்?"

நானும் ஊரில் பத்துப் பேரைத் திட்டிப் பிழைக்கிறவள்தான். ஆனால் அன்று, மன்னிச்சுக்குங்க அக்கா என்று மட்டும் சொன்னேன். கீழே இறங்கி, விமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது. என் தோளைப் பிடித்து ரோட்டு ஓரத்தில் உட்கார வைத்து, தன் பிளாஸ்கிலிருந்து சீனி தூக்கலாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதற்குள் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். "பொம்பளையா ஓட்டிட்டு வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள். "பின்ன, தானா வந்துச்சா?" என்று அக்கா ஒரு அதட்டுப் போட்டார்.

விமானத்துக்குக் கீறல்கூட இல்லை. வால் பகுதியில் மட்டும் தேயிலை இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ரோட்டில் ஃபோனுக்கு லைன் கிடைக்கவில்லை, பக்கத்து மேட்டுக்கு ஏறிப் போய்த்தான் தகவல் சொன்னேன். அன்று மதியமே விமானத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்துவிட்டார். மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். விமானத்தைப் பார்த்தார், ரோட்டை மேலும் கீழும் நடந்து பார்த்தார், நேர் ரோடு கீழே முடியும் இடத்தில் நின்று வெகுநேரம் யோசித்தார். அங்கே ரோடு சட்டென்று வலது பக்கம் திரும்பும். நேரே போனால் கீழே பள்ளத்தாக்கு. பறக்கிறவளுக்கு அது நல்ல வாசல். பறக்க முடியாமல் அங்கே போய்ச் சேர்ந்தால் கதை முடிந்தது.

அவர் சொன்னது இதுதான். நாளைக் காலையில், வானம் தெளிவாக இருந்தால், ஆள் ஏற்றாமல், எண்ணெயைக் குறைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை கிளம்பிப் பார்க்கலாம். அது நடக்கவில்லையென்றால் இறக்கைகளைக் கழற்றி லோரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோக வேண்டும். சொன்ன கையோடு கோலா தெர்லாவிலிருந்து ஒரு காய்கறி லோரியையும் வரச்சொல்லிவிட்டார். லோரிக்காரர் நம்மவர், தங்கமான மனிதர். "நீங்க கவலைப்படாதீங்கக்கா. முட்டைக்கோஸ அடுக்குற மாதிரி அடுக்கி, ஒரு கீறல் படாம எறக்கிடுறேன் லா" என்றார். ஃபோனில் என் கணவரும் அதையேதான் சொன்னார். லோரியிலேயே வந்துவிடு, எனக்கு விமானம் முக்கியமில்லை என்றார்.

லோரியில் போவது சுலபம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் எனக்கு என்னைத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரே ஒரு தடவை தூணில் இடித்துவிட்டு, சாவியைப் புருஷன் கையில் கொடுத்தவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். இடித்த அன்றே மறுபடி ஓட்டிவிட்டவர்கள் இன்றும் ஓட்டுகிறார்கள். ஒரு வாரம் கழித்து ஓட்டலாம் என்று விட்டவர்கள் இன்றுவரை பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். என் விமானம் லோரியில் இறங்கினால் நானும் அந்தப் பக்கத்து சீட்டுக்குப் போய்விடுவேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கிளம்புவதில் ஒரு சிக்கல் இருந்தது. மலை உயரத்தில் காற்று மெலிது. இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும், இறக்கைக்கும் பிடிப்பு குறையும். அதனால் இறக்கத்தில் வெகுதூரம் ஓட வேண்டும். வால் எழும்பும் வரை அதன் இரண்டு பக்கச் சிறகுகளும் செடி உயரத்தில்தான் இருக்கும். இறங்கும்போது உரசியதோடு போனது. கிளம்பும்போது ஒரு கிளை பிடித்து இழுத்தால்கூட விமானம் திரும்பிவிடும்.

தோட்டத்து மேனேஜர் முப்பது முப்பத்தைந்து வயதுத் தமிழ்ப் பையன். அவரையும் அங்கே 'துரை' என்றுதான் கூப்பிடுகிறார்கள், கூப்பிடும்போதெல்லாம் அவர் கொஞ்சம் நெளிகிறார். தயங்கித் தயங்கி அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ரோட்டோரச் செடிகளைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் எப்படியும் அடுத்த மாசம் கவாத்துதான். இன்னிக்கே வெட்டிடலாமா அக்கா?" என்று கங்காணியைக் கேட்டார்.

கவாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. சில வருடங்களுக்கு ஒருமுறை வெட்டினால்தான் புதுத் துளிர் நன்றாக வரும். அதற்கென்று மாதம், வரிசை, முறை எல்லாம் உண்டு. எனக்காக அந்த முறையை மாற்றினார்கள். மாலைக்குள் ரோட்டின் இரண்டு பக்கமும் செடிகளை வெட்டி, கிளைகளை வாரி ஒதுக்கி, குழிகளில் கல்லும் மண்ணும் போட்டு மிதித்து விட்டார்கள். நான் நேர் கோட்டில் ஓடுவதற்கு ஜன்னல் வழியே ஏதாவது அடையாளம் தெரிந்தால் நல்லது என்றேன். வெள்ளை உரச் சாக்குகளை இடது ஓரம் நெடுக விரித்து, காற்றில் பறக்காமல் மண் போட்டார்கள். ஒருவர்கூட என்னிடம் எதற்கு என்று கேட்கவில்லை.

கங்காணி அக்கா வீட்டில்தான் தங்கினேன். சுடச்சுட ரசமும் நெத்திலி சம்பலும் போட்டார். தூங்கு தூங்கு என்று விரட்டினார்.

விடிந்ததும் ஓடிப்போய் வானத்தைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. ஆனால் கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பக்கம் பஞ்சு மாதிரி மேகம் படுத்திருந்தது. வெயில் ஏற ஏற அதுவும் மேலே ஏறும். அதற்குள் நான் போய்விட வேண்டும். முந்தின மாலையே மேட்டின் உச்சியில் கீழ்நோக்கித் திருப்பி நிறுத்தியிருந்த விமானத்தை மூக்கிலிருந்து வால் வரை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சோதித்தேன். எல்லாம் சரி. ரோட்டின் பாதி தூரத்தில் ஒரு சிவப்பு வாளியை வைக்கச் சொன்னேன். அந்த வாளியைத் தாண்டும்போது, மேலே எழும்பத் தேவையான வேகத்தில் முக்கால் பங்காவது வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் யோசிக்கவே கூடாது, நிறுத்திவிட வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மண்டையில் குட்டிக் குட்டிச் சொன்ன விதி அது.

நான் சோதித்து முடித்து ஏறப்போகும் நேரத்தில் கோயில் பூசாரி தட்டோடு வந்து நின்றார். பின்னால் கங்காணி அக்கா, தலை குளித்து, புதுச் சேலையில். தோட்டத்தில் புது லோரி வந்தாலும், கொழுந்து வெட்டும் புது மெஷின் வந்தாலும் பூசை போடாமல் ஓட்ட மாட்டார்களாம்.

"நம்ம ரோட்டுல மொதத் தடவ ஒரு ஏரோப்ளேன் ஓடுது. சும்மா வுட முடியுமா?"

எனக்கு ஒரே அவசரம். மேகம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு நாள் முழுக்க எனக்காக மண் சுமந்தவர்களிடம் எப்படி வேண்டாம் என்பது? சரி என்றேன். தேங்காய் உடைத்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூக்கில் செவ்வந்தி மாலை போட்டார்கள். ஆளுக்கொரு பக்கமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டுவிட்டு, மாலையை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஏறி உட்கார்ந்தேன்.

இன்ஜின் முழு மூச்சில் இரைந்தது. பிரேக்கை விட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. முன்னால் வானத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இடது ஜன்னலில் உரச் சாக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடின. இரண்டு காலும் வாலை நேராகப் பிடிப்பதிலேயே மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தன. வால் எழும்பியது. ரோடு தெரிந்தது, தூரத்தில் சிவப்பு வாளியும் தெரிந்தது. வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். அது சைபரில் இருந்தது.

ஒரு நொடி என் கண்ணை நானே நம்பவில்லை. மறுபடி பார்த்தேன். சைபர். விமானம் ஓடுகிறது, உடம்புக்குத் தெரிகிறது, முள் அசையவில்லை. வேகம் போதும், போய்விடலாம் என்று ஒரு மனது சொன்னது. வாளி வந்துவிட்டது. கையை இழுத்து இன்ஜினை அடக்கினேன்.

நிறுத்துவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. இறக்கம் வேறு. வால் சக்கர விமானத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் மூக்குக் குப்புற விழும். மிதிக்காவிட்டால் பள்ளத்தாக்கு. வாலைக் கீழே அழுத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மிதித்து, விட்டு, மிதித்து, கடைசியில் அந்த வளைவுக்கு முன்னால் நின்றது. நான் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். கீழே பள்ளம் தெரிந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். நான் நேராக இடது இறக்கைக்குக் கீழே போனேன். அங்கே விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குழாய் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடும்போது அதன் வாயில் காற்று வந்து மோதும். அதை வைத்துத்தான் முள் வேகத்தைச் சொல்லும். குழாயின் வாயில், ஓட்டையை அப்படியே அடைத்துக்கொண்டு, வட்டமாக, அழகாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஈப்போவில் மாணவர்களிடம் கத்தும் அத்தனை கத்தலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது.

"இதுல யாரு பொட்டு வச்சது?"

கங்காணி அக்கா மெதுவாக முன்னால் வந்தார்.

"நாந்தாம்மா. எல்லாத்துக்கும் வச்சாச்சு. அது மட்டும் தனியா நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அத வுட்டுட்டா அதுக்கு ஒரு மாதிரியா இருக்காதா?"

குழாய்க்கு மனவருத்தம் வரக்கூடாது என்று பொட்டு வைத்திருக்கிறார். இதற்கு மேல் ஒரு மனுஷியால் எப்படிக் கோபமாக இருக்க முடியும்? நான் சிரிக்கத் தொடங்கினேன். பயத்திலும் ஆத்திரத்திலும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிரிப்பாக வந்தது, கொஞ்சம் கண்ணீராகவும் வந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. விஷயம் புரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ரோட்டு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

லோரிக்காரர் சத்தமில்லாமல் போய் லோரியின் பின்கதவைத் திறந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதிகாரி சொன்னது ஒரு வாய்ப்புத்தானே. நான் அதிகாரியிடம் போனேன். மலாயில் மன்றாடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். முள் வேலை செய்யவில்லை என்று தெரிந்தும் சிலர் போய்விடுவார்கள், அப்படிப் போய் விழுந்தவர்களின் இடத்தைப் பார்க்கப் போகிறவன் நான், நீங்கள் வாளியிடம் நின்றீர்கள் என்றார். நின்றதைப் பார்த்ததால்தான் இன்னொரு தடவை விடுகிறேன் என்றார். மேகம் ஏறுவதற்குள் முடியுமா என்று மட்டும் கேட்டார்.

முடியும் என்றேன். கங்காணி அக்காவிடம் போய், "அக்கா, எந்திரிங்க. இன்னும் வேல இருக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. 'வேலை' என்றதும் அவர் எழுந்துவிட்டார்.

இறக்கைக்குள் இருக்கும் ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டு, துரை கொண்டுவந்த பிளாஸ்க் வெந்நீரை ஊற்றி ஊற்றிச் சந்தனத்தைக் கரைத்தேன். மெல்லிய கம்பியை விட்டுத் துழாவினேன். ஊதி உலர்த்தினேன். மறுபடி மாட்டிவிட்டு, குழாய்க்கு எதிரே கொஞ்சம் தள்ளி நின்று மெதுவாக ஊதியபோது, உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த துரை முள் அசைகிறது என்று கத்தினார். அதற்குள் மேகம் கீழே இருந்த தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுக் கூரைகளைத் தொட்டுவிட்டது.

விமானத்தை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வாலைத் தூக்கிப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் வழி. எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்று காட்டினேன். அங்கே கொழுந்து வெட்டும் மெஷினை வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, ஒரே நடையில் நடப்பார்கள். ஒருவர் முந்தினால் கொழுந்து கோணலாக வெட்டும். வாழ்நாள் முழுக்க அப்படி நடந்து பழகியவர்கள் வாலைத் தூக்கினார்கள். பக்கத்தில் கங்காணி அக்கா நடந்துகொண்டே, "எடது கொஞ்சம் மெதுவா. ஆ, அப்படித்தான். போலாம், போலாம்" என்று குரல் கொடுத்தார். அந்த மேட்டில் விமானம் ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறியது. எங்கள் விமானக் கொட்டகையில் நாங்கள் அதை அவ்வளவு ஒழுங்காகத் தள்ளியதே கிடையாது.

இந்த முறை நான் ஒவ்வொன்றையும் மறுபடி தொட்டுச் சோதித்தேன். யாரும் கிட்டே வரவில்லை. பூசாரி தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். எல்லாரும் செடிகளுக்குள்ளே தள்ளிப் போய் நின்றார்கள். நான் கதவைச் சாத்தும்போது கங்காணி அக்கா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கையைக் காட்டினேன்.

பிரேக்கை விட்டேன். வெள்ளைச் சாக்குகள் ஓடின. முள் நடுங்கியது, அசைந்தது, ஏறத் தொடங்கியது. வால் எழும்பி ரோடு தெரிந்தது. வாளி வந்தது, வேகம் வந்துவிட்டிருந்தது. இனி நிறுத்துவது என்ற பேச்சே இல்லை. சக்கரங்கள் கல்லில் தடதடத்தன. வளைவு என்னை நோக்கி வந்தது, வந்துகொண்டே இருந்தது. தடதடப்பு சட்டென்று நின்றது. கீழே பார்த்தால் ரோடு இல்லை. பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை, அதன் மேல் என் விமானத்தின் நிழல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. தொண்டை வலித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உயரம் பிடித்துத் திரும்பி ஒரு சுற்று வந்தேன். மேலிருந்து பார்த்தால் ரோட்டில் அத்தனை பேரும் இறங்கி நின்றுகொண்டு தலைத் துணிகளை வீசிக்கொண்டிருந்தார்கள். லோரிக்காரர் காலி லோரியின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினார். துரை குதித்துக்கொண்டிருந்தார், துரை மாதிரியே இல்லை. இறக்கையை ஆட்டிக் காட்டிவிட்டு, மலைகளுக்கு நடுவே திறந்திருந்த வழியில் ஈப்போ பக்கம் திரும்பினேன். நான் தாண்டிப் போன கொஞ்ச நேரத்தில் அந்த வழியும் மூடிக்கொண்டது.

எங்கள் ஓடுதளத்தில் மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட இறங்கினேன். அவ்வளவு நன்றாக அதற்கு முன்னாலும் இறங்கியதில்லை, பின்னாலும் இறங்கியதில்லை. என் கணவர் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஓடலாம் என்று கதவைத் திறந்தால், பையில் ஃபோன் அடித்தது.

"போய்ச் சேந்துட்டியாம்மா?" என்றார் கங்காணி அக்கா. பஸ் ஏற்றிவிட்ட தங்கச்சியைக் கேட்கிற மாதிரி சர்வ சாதாரணமாகக் கேட்டார். அந்த ரோட்டில் லைன் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். எங்கேயிருந்து பேசுகிறீர்கள் என்றேன். எல்லாருமாக மேட்டுக்கு ஏறி வந்து நிற்கிறோம், நீ சேர்ந்த செய்தி தெரியாமல் எப்படிக் கொழுந்து வெட்டப் போவது என்றார். சேந்துட்டேன் அக்கா என்று நான் சொன்னதை அவர் திரும்பி அங்கே சொன்னார். அந்த மேட்டில் எழுந்த ஆரவாரம் ஃபோன் வழியாக என் காதை அடைத்தது. ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டே வேலியோரம் நின்ற என் கணவரை நோக்கி நடந்தேன்.

அடுத்த வாரமே மறுபடி பறந்தேன், இப்போதும் பறக்கிறேன். பயம் இன்றும் வருவதுண்டு. ஆனால் எங்கே இறங்கினாலும், நான் வந்து சேர்ந்தேனா என்று தெரிந்துகொள்ளாமல் வேலைக்குப் போக மனமில்லாத ஒரு கூட்டம் ஒரு மலை மேட்டில் நின்றதே என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் இன்ஜினை அணைக்கிறேன்.